சாப்பாடு இல்லாத கூட்டம்

எங்கள் விரிகுடாவில் மோஹி சித்தப்பாவின் முகத்தைவிட முதுகுதான் நிறையப் பேருக்குப் பழக்கம். எப்போது போனாலும் மராயேயின் சமையற்கட்டில் அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். மராயே என்பது எங்கள் வம்சத்தார் எல்லோருக்கும் பொதுவான இல்லம். சாவு, கல்யாணம், சண்டை, சமரசம் எல்லாம் அங்கேதான். முன்பக்கம் பேசத் தெரிந்தவர்களுக்கு, பின்பக்கம் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு. முன்னால் இருப்பவர்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும், பின்னாலிருந்து வரும் சாப்பாடு சரியில்லை என்றால் வந்தவர்கள் ஊர் ஊராய்ச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் சமைப்பவருக்கும் மரியாதை உண்டு என்பார்கள். அந்த மரியாதை தட்டு காலியாகும் வரைதான் என்று நான் கண்டுகொண்டேன்.

மோஹி என் அப்பாவின் தம்பி. வாலிபத்தில் கிஸ்போர்ன் நகரத்தில் ஆடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியதும் கூட வேலை பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அவர் மனைவியும் போனாள். இவர் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. ஆட்டுக்கொட்டகையில் கத்தரித்த ரோமம் பொறுக்கி வளர்ந்தவன் சமூகப்பணியில் பட்டம் வாங்கினேன். கறுப்பு அங்கிக்கு மேல் எங்கள் குடும்பத்து இறகுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேடை ஏறியபோது, ஒரு பஸ் நிறைய வந்திருந்த என் சொந்தங்கள் எழுந்து நின்று ஆடினார்கள். அந்த பஸ்ஸில் சித்தப்பா வரவில்லை. நாங்கள் திரும்பி வந்ததும் விருந்து வேண்டுமே, அதற்காக மண்ணுக்குள் இறைச்சியைப் புதைத்து வேகவைக்கக் குழி வெட்டிக் கல்லைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். நான் பட்டத்தொப்பியைக் காட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எவ்வளவு மாவு பிடிக்கும்டா?"

அந்தத் தொப்பியில் அவர் கட்டைவிரல் மாவு இன்னும் இருக்கிறது.

ரேவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பெண். எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான காராவின் மகள். பள்ளி பஸ் மராயே முனையில் இறக்கிவிடும். அவள் வீட்டுக்குப் போகமாட்டாள், நேரே சமையற்கட்டின் பின்கதவுக்கு வருவாள். அவிழ்ந்த காலணியோடு உருளைக்கிழங்குப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எங்கள் ஊரில் தாத்தா முறை உள்ள எவரையும் பிள்ளைகள் 'கோரோ' என்றுதான் கூப்பிடும்.

"கோரோ, இன்னிக்கு என்ன?"

"நேத்து மிச்சம்."

"நேத்து என்ன?"

"முந்தாநாள் மிச்சம்."

"அப்ப ஃப்ரெஷ்ஷா என்னதான் இருக்கு?"

"உன் வாய் இருக்கே."

பன்றி எலும்பும் கீரையும் போட்டு வேகவைத்த குழம்பில் பொரித்த ரொட்டியை முக்கித் தின்றுவிட்டு, பொழுது சாயும்போது எதிர்ப்பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குப் போவாள். நடுவில் ஒரு மேய்ச்சல் நிலம்தான். சித்தப்பாவின் வீடு மராயேயை ஒட்டியே இருந்ததால், சமையற்கட்டில் விளக்கு இல்லாத நாட்களில் அவர் வீட்டுப் பின்கதவுக்கு வந்துவிடுவாள். மழை நாளில் அவரே மேய்ச்சல் நிலத்து வேலிவரை கொண்டுபோய் விடுவார். வேலியைத் தாண்டமாட்டார், ஏனென்றால் அந்த வீட்டில் டேரில் இருந்தான்.

டேரில் மரம் வெட்டும் கும்பலோடு வந்து காராவோடு தங்கிவிட்டவன். குடிக்காத நாளில் ரொட்டிக்கல் போல அமைதியாக இருப்பான் என்று காரா சொல்வாள். குடித்த நாளில் அந்தக் கல் எங்கே பறக்கும் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாள் ரேவாவின் கையில் நீலம் பூத்திருந்ததைப் பள்ளி நர்ஸ் பார்த்துவிட்டாள். குழந்தை நல அலுவலகத்திலிருந்து கார் வந்தது.

எங்கள் நாட்டில் இப்படி நேர்ந்தால் அலுவலகம் தனியாக முடிவெடுக்கக் கூடாது. குடும்பத்தை, குடும்பத்தின் குடும்பத்தை, சுற்றி நிற்பவர்களை எல்லாம் கூட்டி உட்காரவைக்க வேண்டும். பிள்ளையை எப்படிக் காப்பது என்று அவர்களே பேசித் திட்டம் போட வேண்டும். இது எங்கள் முன்னோர் வழக்கம், அதைத்தான் சட்டமாக்கினார்கள் என்று வகுப்பில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. உலகமே எங்களிடமிருந்து கற்றுக்கொண்டது என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

ரேவாவுக்கான கூட்டம் எங்கள் மராயேயிலேயே நடந்தது. சமூகப்பணி படித்திருந்தாலும் நான் சொந்தக்காரன் என்பதால் அலுவலகத்தார் பக்கம் உட்கார முடியாது, குடும்பத்தோடு உட்கார்ந்தேன். கூட்டத்தை நடத்த வந்த பிலிப்பா நல்ல பெண். மூன்று கேள்விகளைச் சுவரில் ஒட்டினாள். பிள்ளையைப் பற்றி நமக்கு என்ன பயம்? பிள்ளைக்கு இப்போது என்ன நல்லது நடக்கிறது? இனி என்ன நடக்க வேண்டும்? பிறகு, "இனிமே நீங்க மட்டும் பேசுங்க, நாங்க வெளிய இருக்கோம்" என்று தன் ஆட்களோடு எழுந்து சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனாள். அங்கே சித்தப்பா அவர்களுக்கு டீயும் ரொட்டியும் வைத்தார்.

உள்ளே தலைமை ஹேனாரே. காராவின் பெரியப்பா. எங்கள் மராயேயில் முதலில் பேசும் உரிமை அவருக்குத்தான். குரல் அப்படி, சாவு வீட்டில் அவர் பேசினால் செத்தவரே எழுந்து கேட்பார் என்று தோன்றும்.

"யார் யாரு இந்தப் புள்ளைக்கு நிக்கிறீங்க?"

எல்லாக் கையும் உயர்ந்தது. எங்கள் ஆட்களுக்குள் அது ஒரு நோய். சொந்தங்கள் பார்க்க 'என்னால முடியாது' என்று சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்வோம். தூக்கிய கைகளில் பாதி ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் குடியிருக்கும் கைகள்.

"கார் யார்கிட்ட இருக்கு?"

கைகள் குறைந்தன. ஹேனாரே தன் பெயரையே முதலில் சொன்னார். டேரில் குடித்துவிட்டு வந்தால் காரா அவருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் வந்து பிள்ளையைக் கூட்டிப்போவார். அவர் வீடு மலைக்கு அந்தப் பக்கம்.

நான் எழுந்தேன். "பெரியப்பா, மோஹி சித்தப்பா பேர எழுதுவோம். புள்ள தினமும் அங்கதான் போவுது. நடந்தே போயிடலாம்."

"டேய் பட்டதாரி," என்றார் அவர், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "மோஹி எங்கடா போயிடப் போறான்? இருக்கறவன எதுக்கு எழுதறது? அடுப்ப எழுதுவியா? கதவ எழுதுவியா?"

சிரித்தார்கள்.

"இல்ல பெரியப்பா, எழுதினாத்தான் ஆபீஸ்ல..."

"அவன்கிட்ட காரே இல்லடா. புள்ளைய டவுனுக்குக் கொண்டுபோகணும்னா தோள்லயா தூக்கிட்டுப் போவான்?"

பிரிஹிரா அத்தை தாழ்ந்த குரலில் சேர்த்தாள். "போலீஸ் கேசு வேற இருக்கு. அந்த ஆபீஸ்காரி தோண்ட ஆரம்பிச்சா நம்ம மானம்தான்டா போகும்."

அந்தக் கேஸ் என்னவென்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். காராவின் அப்பா, அதாவது ஹேனாரேயின் சொந்தத் தம்பி செத்தபோது கடற்கரையெல்லாம் கூட்டம். பாவா என்னும் கடல் சிப்பிக் கறி இல்லாமல் எங்கள் துக்கம் துக்கமே இல்லை. சாவுக்காகச் சட்டம் விதித்த அளவுக்கு மேல் எடுக்க அனுமதிச் சீட்டு உண்டு, அதை எழுதும் அதிகாரம் ஹேனாரேயிடம் இருந்தது. "நீ போ, சீட்டு நான் எழுதி அனுப்பறேன்" என்று சித்தப்பாவை அனுப்பியவர் அவர்தான். பேச்சு மும்முரத்தில் மறந்துபோனார். மீன்வளத்துறைக்காரர்கள் கரையிலேயே பிடித்துவிட்டார்கள். பிடிபடும் முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்த முதல் மூட்டையைத்தான் வந்தவர்கள் எல்லோரும் விரலை நக்கித் தின்றோம். சித்தப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது. அவர் லாரியையும் பறித்துக்கொண்டார்கள். 'சீட்டு தர்றதா நான்தான் சொல்லியிருந்தேன்' என்று கோர்ட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்ல ஹேனாரேக்கு அன்றைக்கு வேறு கூட்டம் இருந்தது. அந்த லாரியோடு போனதுதான் மோஹியின் வண்டி ஓட்டம்.

நான் எழுந்து சமையற்கட்டின் பலகை ஜன்னலைத் திறந்தேன். "சித்தப்பா, ரேவா விஷயமா பேசறோம். உள்ள வாங்களேன்."

அவர் திரும்பவில்லை. "பெரியவங்க முடிவு பண்ணட்டும்டா. நான் வந்து உக்காந்தா கிழங்கு அடிபிடிக்கும். எத்தன பேரு சாப்பிடறீங்க, அத மட்டும் சொல்லு."

அவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கூடத்தில் பிலிப்பா இரண்டாவது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "இந்த மாதிரி ரொட்டி நான் சாப்பிட்டதே இல்ல" என்றாள். அவள் சுவரில் ஒட்டியிருந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் அவள் கையில்தான் இருந்தது. அவளுக்கு அது தெரிய வழியில்லை.

திட்டம் தயாரானது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், பிரார்த்தனை செய்தோம், சாப்பிட்டோம். காரா அதைத் தன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். டேரில் வீட்டை விட்டு வெளியேற ஒத்துக்கொண்டான். இத்தனை ஆதரவுள்ள குடும்பத்தைத் தான் பார்த்ததில்லை என்று பிலிப்பா சொன்னதும் ஹேனாரே கண் கலங்கினார். குரல் கலங்காமல் கண்ணை மட்டும் கலக்கத் தெரிந்த மனிதர்.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் டேரில் திரும்பி வந்தான். அன்று பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரக்பி இறுதி ஆட்டம். விரிகுடாவே அங்கே போயிருந்தது, காரே இல்லாத மோஹியைத் தவிர. காரா போனை எடுத்து ஹேனாரேயைக் கூப்பிட்டாள். மைதானத்தில் சிக்னல் கிடையாது. பட்டியலில் அடுத்தடுத்து இருந்தவர்களும் அதே மைதானத்தில்தான் நின்றார்கள். அதற்குள் டேரில் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். ரேவா ஜன்னல் வழியாகக் குதித்து, மழையில் வெறும் காலுறையோடு மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, சித்தப்பா வீட்டுப் பின்கதவைத் தட்டினாள்.

அவர் பிள்ளையை அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, காலுறையைக் கழற்றிக் காயப்போட்டுவிட்டு, தானே போலீஸுக்குப் போன் செய்தார். வீட்டில் காரா தனியாக இருக்கிறாள், உடனே வாருங்கள் என்றார். நகரத்திலிருந்து அவர்கள் வந்து சேர்வதற்குள் ரேவா குழம்பு குடித்துவிட்டு அவர் கம்பளிச் சட்டைக்குள் தூங்கிவிட்டாள். டேரிலைப் பிடித்தார்கள். காராவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிறகு ஒரு இளம் போலீஸ்காரன் சித்தப்பா வீட்டுக்கு வந்தான். கையில் காரா வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த காகிதம்.

"அங்கிள், இதுல உங்க பேரு இல்லையே."

"என் பேரு எதுக்கு? புள்ள தூங்குது. காலைல பாத்துக்கலாம்."

"பேரு இருக்கறவங்க யாரும் போன் எடுக்கல. பேரு இல்லாத எடத்துல நான் விட்டுட்டுப் போக முடியாது. உங்க பேர்ல ஒரு கேசும் காட்டுது."

"அது சிப்பி கேசுப்பா."

"தெரியும் அங்கிள். ஆனா காட்டுதே."

"ஏன்ப்பா, உங்களுக்குப் போன் பண்ணவனே நான்தானே? அப்ப என் பேர கேட்டீங்களே, சொன்னேனே?"

அந்தப் பையன் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். பிள்ளையைத் தூக்கியபோது அவள் விழித்துக்கொண்டாள். சித்தப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தையல் விட்டுப்போனது. அவளை நகரத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். காலுறை மட்டும் அடுப்புக் கம்பியில் தொங்கியது.

எங்கள் அணி அன்று ஜெயித்திருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு வந்த கார்கள் போலீஸ் வண்டியைப் பார்த்துத்தான் வேகம் குறைத்தன.

மறு கூட்டம் போட்டார்கள், அதே மராயேயில். காராவிடம் உடனே திருப்பித் தர அலுவலகம் தயாராக இல்லை, பிள்ளை இனி எங்கே வளர்வது என்பதுதான் கேள்வி. நான் போனபோது முன்வரிசை நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாரிய தலை. ஏப்ரன் இல்லாமல் அவரைப் பார்த்து எனக்கே வேறு யாரோ போல இருந்தது.

பிலிப்பா கை கொடுத்தாள். "நீங்க குடும்பமா?"

"ரொட்டி," என்றார் அவர்.

"ஓ! நீங்கதானா அது!"

ரேவாவைப் பிலிப்பாதான் அழைத்து வந்திருந்தாள். பிள்ளை புது ஷூ போட்டிருந்தாள். கூட்டம் தொடங்கும் முன் பழக்கத்தில் பின்பக்கம் ஓடியவள் உடனே திரும்பி வந்தாள்.

"கோரோ, அடுப்பு செத்துப்போச்சு."

"நான் இங்க உக்காரணும்ல கண்ணு."

"ஏன்?"

"என் பேர எழுதணும்."

"உனக்கு எழுதத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இவங்களுக்குத்தான் தெரியல."

பிரார்த்தனை முடிந்தது. வரவேற்புப் பேச்சு முடிந்தது. ஹேனாரே வயிற்றைத் தடவியபடி, "சரி, வந்தவங்களுக்கு முதல்ல வயிறு. அப்புறம் பேச்சு" என்றார். யாரும் நகரவில்லை. அவர் சமையற்கட்டு ஜன்னலைப் பார்த்தார், பிறகு முன்வரிசையைப் பார்த்தார்.

"மோஹி?"

"இன்னிக்கு நான் கூட்டத்துக்கு வந்திருக்கேன் அண்ணே."

"அது சரி. சாப்பாடு?"

"சமைக்கல."

 அடுத்த நிமிடம் கொதித்தார்கள். வெளியாட்கள் வந்திருக்கும்போதா? நம்ம பாட்டன் முப்பாட்டன் படம் எல்லாம் சுவர்ல பாத்துட்டு இருக்கும்போதா? பிரிஹிரா அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, இத சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்களே!" நான்கைந்து கார்கள் கிளம்பி, பக்கத்துப் பள்ளத்தாக்கின் பெட்ரோல் பங்கில் இருந்த 'பை' என்னும் இறைச்சி அடைத்த பலகாரங்களை மொத்தமாக வாங்கி வந்தன. ஒரு பிள்ளைக்காக ஓட ஆள் கிடைக்காத சனிக்கிழமை எனக்கு நினைவுக்கு வந்தது. பசிக்கு எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறார்கள்!

அந்தப் பலகாரத்தைத் தின்றபடியே பேச்சு நடந்தது. பிலிப்பா நேர்மையாகத்தான் சொன்னாள். "மோஹி வீட்ட பாத்து விசாரிச்சு முடிவு பண்ணலாம். கொஞ்ச மாசம் ஆகும். சிப்பி கேசு பெரிய தடை இல்ல. ஆனா புள்ளைய அவர்கிட்ட விடச் சொல்லிக் குடும்பமே கேக்கணும். கேக்கறீங்களா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த காரா வாயைத் திறந்தாள். "எனக்கு மோஹி சித்தப்பாகிட்ட அவ இருந்தா..."

"நீ சும்மா இரு," என்றாள் பிரிஹிரா அத்தை. "உன்னாலதான் இவ்வளவும்."

நான் எழுந்து பேசினேன். சட்டம் என்ன சொல்கிறது, பிள்ளை எந்தக் கதவைத் தட்டியது, அந்தச் சனிக்கிழமை யார் எங்கே நின்றோம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "படிச்சிட்டு வந்து பெரியவங்கள நிக்கவச்சுக் கேள்வி கேக்கற. நல்ல படிப்பு" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அதற்கும் கொஞ்சம் சிரிப்பு.

ஹேனாரே உதட்டில் ஒட்டியிருந்த கறிக்குழம்பைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதே மணிக்குரல்.

"பிலிப்பா, இன்னிக்கு நடந்தத நீங்களே பாத்தீங்க. வீடு தேடி வந்தவங்களுக்கு ஒரு வாய் ரொட்டி போடாத மனுஷன். அவன்கிட்ட ஒரு புள்ளைய எப்படி விடறது?"

தலைகள் ஆடின. சித்தப்பா மெதுவாக எழுந்தார்.

"ஹேனாரே அண்ணே. உங்க தம்பி சாவுக்கு எத்தன பேரு சாப்பிட்டாங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்குடா?"

"இல்ல, கேட்டேன்."

உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. அவ்வளவு காலம் அடுப்பைப் பார்த்து நின்றவருக்கு முன்னால் இருக்கும் முகங்களைப் பார்த்துப் பேசும் வித்தை எங்கிருந்து வரும்?

ரேவா ஆக்லாந்தில் இருக்கும் ஹேனாரேயின் மகள் வீட்டில் வளர்வதென்று முடிவானது. மூன்று படுக்கையறை, இரண்டு கார், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அந்த மகளை ரேவா அதற்கு முன் ஒரு சாவில் பார்த்திருக்கிறாள். இந்த முறை சித்தப்பாவின் பெயரையும் காகிதத்தில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்துக்கு உணவு ஏற்பாடு: மோஹி. பிரிஹிரா அத்தைதான் எழுதச் சொன்னாள், மறுபடி மானம் போகக் கூடாது என்பதற்காக.

கார் புறப்பட்டபோது ரேவா பின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு மராயேயின் பின்பக்கத்தைத்தான் பார்த்தாள். அவர் வழக்கமாக அங்கேதான் நிற்பார். அன்று முன்வாசலில் நின்றிருந்தார். அவளுக்கு அது தெரியவில்லை.

எங்கள் விரிகுடாவில் யாரிடம் வேண்டுமானாலும் அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'சாப்பாடு இல்லாத கூட்டம்' என்பார்கள். அந்த இறைச்சிப் பலகாரம் எவ்வளவு காய்ந்திருந்தது, எந்தக் கார் முதலில் திரும்பி வந்தது, பிலிப்பா எப்படிக் காகிதத்தட்டில் வைத்துத் தின்றாள், எல்லாம் சொல்வார்கள். கூட்டம் எதற்காக நடந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

சித்தப்பா அதற்குப் பிறகு ஏப்ரனைக் கட்டவில்லை. சாவு விழுந்தால் கிஸ்போர்னிலிருந்து சமையல்காரர்கள் வேனில் வருகிறார்கள். போன மாதம் ஒரு துக்கத்தில் ஹேனாரேயே அவரிடம் வந்தார். "என்னடா மோஹி, இன்னுமா கோவம்? அவனுங்க ரொட்டிய வாயில வைக்க முடியல. வந்து ஒரு கை குடுடா."

"ரேவா வரட்டும் அண்ணே. வந்து பெட்டி மேல உக்காந்து 'இன்னிக்கு என்ன'ன்னு கேக்கட்டும். அன்னிக்கு அடுப்பு மூட்டறேன்."

ஹேனாரே அதை நல்ல வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு, அவர் முதுகில் தட்டிவிட்டு, பேச எழுந்து போனார்.